மில் டிராலி பேட்டரிய எஸ்டர் ஆயில்ல முக்கி ஓட்டுறது: பட்டறை நோட்ஸ்

பேக் என்னன்னு முதல்ல சொல்லிடறேன். 21700 சைஸ் (21 எம்எம் விட்டம், 70 எம்எம் உயரம்) என்எம்சி செல் (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம் வகை), ஒண்ணு 5 ஏஹெச், 14 சீரிஸ் 6 பேரலல், மொத்தம் 84 செல். 50 வோல்ட் சொச்சம், 30 ஏஹெச், ஒன்றரை யூனிட் கரண்ட் பிடிக்கும். கோயமுத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குள்ள நூல் கோன் பெட்டி இழுத்துட்டுப் போற டிராலிக்காக பண்ணது. பழைய டிராலில நாலு லெட் ஆசிட் பேட்டரி இருந்துச்சு, சார்ஜ் ஏற ராத்திரி முழுக்க வேணும், மில்லு மூணு ஷிப்ட் ஓடுது, அப்ப வண்டி எப்ப ஓடும்? அதனால டீ டைம்ல இருபது நிமிஷம் சொருகி எடுத்தா போதுங்கற மாதிரி லித்தியம் வேணும்னு கேட்டாங்க.

இதுக்கு முன்னாடியே ஒரு ரெடிமேட் லித்தியம் பேக் போட்டுப் பாத்திருக்காங்க, ஃபேன் வச்சது. மில்லுக்குள்ள போனவங்களுக்குத் தெரியும், காத்துல பஞ்சு பறந்துட்டே இருக்கும். ஃபேன் ஜாலில பஞ்சு கம்பளி மாதிரி படிஞ்சு அடைச்சிருச்சு, உள்ள செல் சூடாகி பிஎம்எஸ் (பேட்டரிய காவல் காக்குற சர்க்யூட் போர்டு) கட் ஆகி கட் ஆகி, கடைசில டிரைவரே கடுப்பாகி வண்டிய ஓரம்கட்டிட்டாரு. அதுல பேக் பண்ணவங்கள ரொம்ப குறை சொல்ல முடியாது, ரோட்ல ஓடுற வண்டிக்குப் பண்ண சாமான் அது. மில்லுக்கு வேற மாதிரி யோசிக்கணும்: காத்து உள்ள போகவும் கூடாது, சூடு உள்ள தங்கவும் கூடாது.

சூடு எவ்வளவு வரும்னு கணக்கு போட்டுட்டுதான் மத்ததெல்லாம். ராம்ப் ஏறும்போது 60 ஆம்பியர் இழுக்குது, ஒரு செல்லுக்கு 10 ஆம்பியர். செல் உள் ரெசிஸ்டன்ஸ் 30 மில்லி ஓம்னு வச்சா ஐ ஸ்கொயர் ஆர் (கரண்ட கரண்டாலயே பெருக்கி ரெசிஸ்டன்ஸால பெருக்குறது) 3 வாட், 84 செல்லுக்கும் சேத்து 250 வாட். சின்ன அயர்ன் பாக்ஸ் ஒண்ணு மூடின பொட்டிக்குள்ள எரியற அளவுதான், ஆனா 84 செல் மொத்தமே ஆறு கிலோதான் வரும், அந்த எடைக்கு இந்தச் சூடு போனா நிமிஷத்துக்கு ரெண்டே முக்கால் டிகிரி ஏறும். டீ டைம் சார்ஜ் 30 ஆம்பியர், அங்க கரண்ட் பாதியா குறையறதால சூடு கால்வாசி, 60 வாட் சொச்சம்தான். நாள் முழுக்க சராசரியா பாத்தா 45லருந்து 60 வாட்டுக்குள்ள நிக்குது. இந்த சராசரி நம்பர ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி பொட்டி டிசைன் முழுக்க இத வச்சுதான் வந்துச்சு.

சரி, கார்ல பண்ற மாதிரி கீழ கூலிங் பிளேட் வச்சு கிளைக்கால் (கூலன்ட்) கலந்த தண்ணி ஓட்டலாமே, டாடா நெக்ஸான் எலக்ட்ரிக் கார்லயே லிக்விட் கூலிங்தான இருக்குன்னு கேப்பீங்க. ஓட்டலாம். ஆனா சிலிண்டர் செல்லுக்கு கீழ பிளேட் வச்சா அடிப்பக்கம் மட்டும்தான் தொடும், பக்கவாட்டுல தொட வைக்க வளைஞ்சு வளைஞ்சு போற ரிப்பன் குழாய் வேணும், அது நம்ம பட்டறைல ஆகற வேலை இல்ல. தண்ணி லீக் ஆனா செல்ல ஒண்ணோட ஒண்ணு இணைக்குற 50 வோல்ட் நிக்கல் ஸ்ட்ரிப் மேலயே சொட்டும். கரண்ட் கடத்தாத எண்ணெய்ல செல்ல அப்படியே முக்கிட்டா, ஒவ்வொரு செல்லோட பக்கம், தல, அடி, நிக்கல் ஸ்ட்ரிப், வெல்டு பாயின்ட் எல்லாத்தையும் எண்ணெய் தொடும். எண்ணெய் சூட்ட கடத்துறதுல பெரிய சூரப்புலி ஒண்ணும் இல்ல, காத்த விட அஞ்சு மடங்குதான், தண்ணியோட கால்வாசி கூட வராது. ஆனா அதே அளவு இடத்துல காத்த விட ஆயிரத்தைநூறு மடங்கு சூட்ட உள்ள வாங்கி வச்சுக்கும். எனக்கு வேண்டியது அதுதான்.

இது ஒண்ணும் புதுசு இல்லீங்க. மெக்லாரன் கம்பெனியோட ஸ்பீட்டெயில் கார்ல இருக்கு. மெர்சிடிஸ் ஏஎம்ஜி 2021ல வெளிய விட்ட ஜிடி 63 எஸ் ஈ பெர்ஃபார்மன்ஸ் கார்ல 6.1 யூனிட் பேட்டரி, அதுல 560 செல், 14 லிட்டர் திரவம் ஒவ்வொரு செல்லையும் உரசிட்டு ஓடி சராசரியா 45 டிகிரில வச்சுக்குது. அந்த பேக்கோட எடை 89 கிலோ. 6 யூனிட்டுக்கு 89 கிலோங்கறத கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, அவங்களுக்கு வேண்டியது ரேஞ்ச் இல்ல, சட்டு சட்டுனு பவர் எடுக்கறதும் திருப்பி ஏத்துறதும்தான். நம்ம டிராலிக்கும் அதே கேஸ்தான், காசு மட்டும் இல்ல.

எந்தத் திரவம்ங்கறதுலதான் ரொம்ப நாள் ஓடுச்சு. முன்னாடி இந்த வேலைக்கு எல்லாரும் சொன்னது 3எம் கம்பெனியோட நோவெக், தீயே பிடிக்காது, தண்ணி மாதிரி ஓடும். ஆனா விலையும் எடையும் எக்கச்சக்கம், அது போக அது பீஃபாஸ் (இயற்கைல லேசுல அழியாத ஃப்ளோரின் ரசாயனம்) வகை, 2025 முடியறதுக்குள்ள அந்த உற்பத்தியவே நிறுத்திடறோம்னு 3எம் 2022 டிசம்பர்லயே சொல்லிட்டாங்க. அத நம்பி டிசைன் பண்றதுல அர்த்தமில்ல. அடுத்து சாதா டிரான்ஸ்ஃபார்மர் ஆயில். எங்க வேணா கிடைக்கும், மெல்லிசு, 40 டிகிரில 10 சிஎஸ்டி பக்கம்தான் விஸ்காசிட்டி (எண்ணெயோட கெட்டித்தன்மை, அத அளக்குற அலகு சிஎஸ்டி), செல்லுக்கு நடுவுல நல்லா ஓடும். ஃப்ளாஷ் பாயின்ட் 140 டிகிரி சுத்தி. பஞ்சு பறக்குற இடத்துல, லித்தியம் செல்லோட சேத்து, 140 டிகிரில ஆவி பத்துற எண்ணெய மூணு லிட்டர் கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரல. வீட்டு பெஞ்ச் மேல வச்சு டெஸ்ட் பண்றவங்களுக்கு அது போதும்.

கணபதி பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் ரீவைண்டிங் பட்டறை வச்சிருக்கிற அண்ணா ஒருத்தரு பழக்கம். அவருகிட்ட விஷயத்த சொன்னதும் முதல்ல ஒரு சிரிப்பு சிரிச்சாரு.

"ஏந்தம்பி, பேட்டரிய எண்ணெய்ல முக்கப் போறயா? முக்கறதுன்னா எஸ்டர்ல முக்கு. ரயில் இன்ஜின் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஊத்துற சரக்கு, அடுப்புல வச்சாலும் சட்டுனு பத்தாது."

அவரு ஒரு வேலைக்கு வாங்கி மிச்சம் வச்சிருந்த சின்தெட்டிக் எஸ்டர்ல கொஞ்சம் குடுத்தாரு. இதுக்கு ஃபயர் பாயின்ட் (பத்துன தீ அணையாம நின்னு எரியற சூடு) 300 டிகிரிக்கு மேல, ஃப்ளாஷ் 250க்கு மேல. கெட்ட குணம் ரெண்டு: 40 டிகிரில 29 சிஎஸ்டி பக்கம், அதாவது மினரல் ஆயில விட மூணு மடங்கு கெட்டி, அப்புறம் ஈரத்த நல்லா உறிஞ்சும். நல்ல குணம் என்னன்னா உறிஞ்சுன ஈரத்த தனியா கீழ இறக்கி விடாம தனக்குள்ளயே கரைச்சு வச்சுக்கும். மினரல் ஆயில்ல தண்ணி கரையறதே துளியூண்டு, மிச்சம் சொட்டா கீழ இறங்கி உக்காந்துக்கும், கீழ என்ன இருக்கு, செல்லோட நெகட்டிவ் பக்க நிக்கல் ஸ்ட்ரிப் இருக்கு. அந்த ஒரு காரணத்துக்கே எஸ்டர்னு முடிவு பண்ணேன்.

எண்ணெய அவரோட ஃபில்டர் மெஷின்ல ஓட்டி, பிடிவி (எத்தன வோல்ட்ல எண்ணெய் தாங்காம விடுதுங்கற) டெஸ்ட் பண்ணோம். சின்ன கப்ல ரெண்டரை எம்எம் இடைவெளில ரெண்டு எலக்ட்ரோடு, வோல்டேஜ் ஏத்திட்டே போய் எங்க பொறி தட்டுதுன்னு பாக்கறது. 60 கேவி தாண்டுச்சு. 50 வோல்ட் பேட்டரிக்கு எதுக்கு 60 கேவி தாங்குற எண்ணெய்னு கேட்டா, வோல்டேஜுக்காக இல்ல, அந்த நம்பர் எண்ணெய்ல ஈரமும் தூசியும் எவ்வளவு இருக்குன்னு சொல்லிடும். அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு சாம்பிள் எடுத்து போட்டா எவ்வளவு இறங்கிருக்குன்னு பாத்துக்கலாம்.

இப்ப ஜாடி டெஸ்ட். யாராவது இத பண்றதா இருந்தா தயவு செஞ்சு இத தாண்டாதீங்க. ஊறுகாய் பாட்டில் கழுவி காய வச்சு, ஒவ்வொண்ணுலயும் எஸ்டர் ஊத்தி, பேக்ல போடப்போற ஒவ்வொரு சாமானையும் தனித்தனியா போட்டு, தெர்மோஸ்டாட் வச்ச பொட்டில 60 டிகிரில வச்சிட்டேன். அப்பப்ப எடுத்து நகத்தால அமுக்கிப் பாக்கறது, வெர்னியர் வச்சு அளக்கறது. கடைல கிடைக்குற கருப்பு செல் ஹோல்டர் ஏபிஎஸ் பிளாஸ்டிக், அதுதான் முதல் விக்கெட். லாக் ஆகுற மூக்கு இருக்குல்ல, அங்க முடி மாதிரி மெல்லிசா விரிசல் வந்து, கைல மடக்குனா சத்தமே இல்லாம உடையுது. எஸ்டருக்கும் ஏபிஎஸ்க்கும் பாலிகார்பனேட்டுக்கும் ஆகாது. ஹாட் க்ளூ ரப்பர் மாதிரி ஆகி கண்ணாடிய விட்டு கழண்டு மிதந்துச்சு. பிவிசி ஒயர்ல இருந்த பிளாஸ்டிசைசர (பிளாஸ்டிக்க இளக்கி வைக்குற ரசாயனம்) எண்ணெய் உறிஞ்சிட்டு ஒயர் விறைச்சுப் போச்சு, எண்ணெய் கலரும் மாறிருச்சு. ஈபிடிஎம் ரப்பர் ஓ-ரிங் ஊதி, இருந்த குழிக்குள்ள திருப்பி உக்காரவே இல்ல. காப்டான் (சூடு தாங்குற மஞ்சள்) டேப்ல ஷீட் அப்படியே இருக்கு, பசை மட்டும் போச்சு. செல் தலைல ஒட்டுற பார்லி பேப்பர் ரிங்கும் அதே கதை, பேப்பர் நல்லா இருக்கு, ஒட்டு விட்டுருச்சு, ஆனா மேல நிக்கல் ஸ்ட்ரிப் அமுக்கி வச்சிருக்கிறதால அது எங்கயும் போகாது. விட்டான் (எண்ணெய் தாங்குற ரப்பர் வகை) ஓ-ரிங், டெஃப்லான் ஒயர், ஹைலம் (பிசின்ல ஊற வச்சு அழுத்துன கெட்டி) ஷீட், கிளாஸ் எபாக்ஸி ஷீட் நாலும் எதுவும் நடக்காத மாதிரி இருந்துச்சு. செல் மேல இருக்குற ஷ்ரிங்க் ஸ்லீவ் பெட் (தண்ணி பாட்டில் பிளாஸ்டிக்) வகைன்னா தப்பிச்சோம், பிவிசின்னா சுருங்கி கழண்டுக்கும், அதனால செத்த செல் ஒண்ண ஜீரோ வரைக்கும் டிஸ்சார்ஜ் பண்ணி முக்கிப் பாத்துட்டுதான் அந்த பேட்ச் செல்ல வாங்குனேன்.

ஹோல்டர் அதனால ஹைலம். டிரான்ஸ்ஃபார்மர் பட்டறைல மூலைக்கு மூலை கிடக்குற அதே பழுப்பு ஷீட், 6 எம்எம். சிஎன்சி ரௌட்டர்ல 23 எம்எம் பிட்ச்ல தேன்கூடு அடுக்குல ஓட்டை போட்டு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல 2 எம்எம் சந்து. இந்த சந்து பெருசா இருந்தா எண்ணெய் நல்லா ஓடும் ஆனா எண்ணெய் எடை ஏறும், சின்னதா இருந்தா கெட்டி எண்ணெய் உள்ள போகவே மாட்டேங்கும். ஒன்றரை எம்எம் வரைக்கும் இறங்கலாம்னு தோணுது, எஸ்டர் கெட்டிங்கறதால ரெண்டுலயே நிறுத்திட்டேன். ஹைலம் ஷீட்ல செல் ஓட்டை போக, நடுநடுவுல எண்ணெய் ஏறி இறங்க சின்ன ஓட்டை நிறைய போடணும், இல்லேன்னா மேல் ஷீட்டுக்கு அடில காத்து குமிழி மாட்டிக்கும்.

அடுத்து ஃபியூஸ். ஆறு செல் பேரலல்ல ஒண்ணு உள்ள ஷார்ட் ஆனா மத்த அஞ்சும் சேந்து அதுக்குள்ள கொட்டும், அதுக்காக ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு மெல்லிசு கம்பி ஃபியூஸ் வைக்கறது வழக்கம். காத்துல டெஸ்ட் பண்ணி தேர்ந்தெடுத்த கம்பிய எண்ணெய்க்குள்ள வச்சு அதே கரண்ட விட்டா, அது பாட்டுக்கு சும்மா இருக்கு! காத்துல செக்கச்செவேல்னு ஆகி அறுந்த கம்பி, எண்ணெய்க்குள்ள மேல ரெண்டு குமிழி விட்டுட்டு அப்படியே நிக்குது. எண்ணெய் செல்ல கூல் பண்ற அதே வேலைய ஃபியூஸுக்கும் பண்ணிடுது. டேட்டாஷீட்ல போட்டிருக்கிற ஃபியூஸ் ரேட்டிங் எல்லாம் காத்துக்குத்தான். அதனால கம்பி சைஸ இறக்கிட்டே வந்து, எண்ணெய்க்குள்ள வச்சே ஒவ்வொண்ணா அறுத்துப் பாத்து எடுத்தேன். அறுபடும்போது ஆர்க் அடிச்ச இடத்துல எண்ணெய் கருகி கேஸ் வரும், டிரான்ஸ்ஃபார்மர் ஆளுங்க இந்த கேஸ வச்சுதான் உள்ள என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கறாங்க, நமக்கு அது ஒரு குமிழியோட போச்சு.

இனி இந்த மொத்த வேலைலயும் அதிகமா நேரம் தின்ன சமாச்சாரம். செல்ல எண்ணெய்ல முக்கறது ஈசி, கரண்ட வெளிய கொண்டு வரும்போது எண்ணெய் கூடவே வராம பாத்துக்கறதுதான் வேலை. பிஎம்எஸ் போர்ட வெளில தனி அறைல வைக்கறேன், உள்ளருந்து செல் வோல்டேஜ் பாக்குற 15 சென்ஸ் ஒயர், சூடு பாக்குற நாலு என்டிசி சென்சர் ஒயர், ரெண்டு மெயின் கேபிள் வரணும். ஒயர கேபிள் கிளாண்டு வழியா எடுத்தா கிளாண்டு சுத்தி துளி எண்ணெய் வராது, ஆனா ஒயருக்கு உள்ள வரும். ஒயர்ங்கறது நூத்துக்கணக்கான மெல்லிசு கம்பி முறுக்கு, மேல டெஃப்லான் தோல். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல இருக்குற சந்துல எண்ணெய் திரி ஏறுற மாதிரி ஏறி, மூடிக்கு மேல ஒரு சாண் தூரம் வந்து, பிஎம்எஸ் கனெக்டர் பின்ல வெளிய வந்து நிக்கும். பெஞ்ச்ல ஒரே ஒரு ஒயர செங்குத்தா நிறுத்தி, அடி நுனிய எண்ணெய்ல விட்டு, மேல் நுனிய டிஷ்யூ பேப்பர்ல சொருகி வச்சேன். காலைல பாத்தா டிஷ்யூல பத்து பைசா அளவு வட்டம். பம்பும் இல்ல, பிரஷரும் இல்ல.

இதுக்கு மருந்து, எண்ணெய்க்குள்ள இருந்து வர ஒயர் எதுவும் தொடர்ச்சியா வெளிய வரக்கூடாது. நடுவுல கெட்டியான உலோகம் ஒண்ணு இருக்கணும். மெயின் டெர்மினலுக்கு எம்8 பித்தளை ஸ்டட், அதுக்கு ஹைலம் புஷ், ரெண்டு பக்கமும் விட்டான் ஓ-ரிங், இது அப்படியே டிரான்ஸ்ஃபார்மர் எல்டி (லோ டென்ஷன்) புஷ்ஷிங்கோட குட்டி வடிவம்தான், அண்ணா பட்டறைலயே கடைஞ்சு வாங்கிட்டேன். சென்ஸ் ஒயருக்கு ஒரு குட்டி பிசிபி அடிச்சேன், 2.4 எம்எம் கிளாஸ் எபாக்ஸி போர்டு, நடுவுல வரிசையா ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைலயும் பித்தளை பின் இறக்கி முழுக்க ஈயம் ஊத்தி அடைச்சாச்சு. உள் பக்கத்துல உள் ஒயர், வெளி பக்கத்துல வெளி ஒயர், போர்டு தான் சுவர். போர்ட சுத்தி விட்டான் கேஸ்கெட் வச்சு மூடில இறுக்கிட்டா முடிஞ்சுது. சால்டர் போகாத வெத்து ஓட்டை ஒண்ணு விட்டுப்போனாலும் அது வழியா வரும், அதனால போர்ட டார்ச் லைட் முன்னாடி பிடிச்சுப் பாக்கணும்.

பொட்டி 4 எம்எம் அலுமினியம், டிக் வெல்டிங். உள் அளவு 350க்கு 150க்கு 110. மூடிய இறுக்கி, சைக்கிள் பம்புல கொஞ்சூண்டு காத்தடிச்சு சோப்பு நுரை தடவி வெல்டு ஃபுல்லா பாத்தாச்சு. செல், ஹைலம் எல்லாம் போக எண்ணெய் மூணு லிட்டர் பிடிச்சுது, எடை 2.9 கிலோ. மேல 300 மில்லி காலியா விட்டிருக்கேன், ஏன்னா 40 டிகிரி ஏறுனா மூணு லிட்டர் எண்ணெய் 90 மில்லி விரியும், முட்ட முட்ட ஊத்தி மூடுனா மூடி கேஸ்கெட் பிதுங்கிரும். அந்த காலி இடம் மூச்சு விட ஒரு பிரீதர், அதுல நீல சிலிக்கா ஜெல். ஸ்பின்னிங் மில்லுல நூல் அறாம இருக்க ஈரப்பதத்த 55, 60 சதவீதத்துக்குக் குறையாம வச்சிருப்பாங்க, எஸ்டரோ ஈரம்னா உசுர விடுற சாமான், அதனால ஜெல் நீலத்துலருந்து பிங்க் ஆகுதான்னு பாக்கறத டிரைவர் கிட்டயே சொல்லிக் குடுத்தாச்சு. எண்ணெய மேலருந்து ஊத்தாம கீழ் டிரெயின் போல்ட் வழியா மெதுவா ஏத்துனேன், செல்லோட பாசிட்டிவ் தொப்பிக்கு அடில சிக்குன காத்து பொட்டிய சாய்ச்சு சாய்ச்சு பம்ப ஓட்ட ஓட்ட பொலபொலன்னு வெளிய வந்துச்சு.

பம்பு ஒரு 12 வோல்ட் சின்ன கியர் பம்பு, மெட்டல் பாடி, நிமிஷத்துக்கு 2 லிட்டர். மீன் தொட்டிக்கு போடுற மாதிரி இம்பெல்லர் பம்பு இந்த கெட்டி எண்ணெய்ல திணறுது, அதோட பாடியும் எந்த பிளாஸ்டிக்குன்னு தெரியாது. ரேடியேட்டர் கிடையாது! பைக் ஆயில் கூலர் வாங்கி கைல வச்சிருந்தேன், ஆனா ஃபின் வச்ச எந்த சாமானையும் மில்லுக்குள்ள கொண்டு போனா பழைய ஃபேன் கதைதான் திரும்ப நடக்கும். மேல சொன்ன சராசரி 45, 60 வாட் கணக்கு இங்கதான் கை குடுத்துச்சு: 250 வாட் எப்பவோ ராம்ப்ல வரது, அத எண்ணெய் வாங்கி வச்சுக்கட்டும், சராசரி சூட்ட மட்டும் வழவழப்பான அலுமினிய சுவர் வழியா மெதுவா வெளிய விட்டா போதும். பொட்டிச் சுவர் மட்டும் பத்தாதுன்னு கணக்குல தெரிஞ்சதால, பொட்டிய டிராலியோட அடி இரும்பு பிளேட்டுல தெர்மல் பேஸ்ட் தடவி போல்ட் பண்ணிட்டேன், அந்த பிளேட்டும் சேந்து சூட்ட விடும். பஞ்சு படிஞ்சா துணில ஒரு துடை.

இப்ப ரீடிங். மூணு தடவையும் ஒரே மாதிரி, 33 டிகிரில ஆரம்பிச்சு 60 ஆம்பியர் தொடர்ச்சியா 15 நிமிஷம், டம்மி லோடுல. எண்ணெய் இல்லாம மூடின பொட்டில காத்து மட்டும்: நடு செல் 65 தொட்டு பிஎம்எஸ் கட் பண்ற நேரமும் 15 நிமிஷம் முடியற நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்துச்சு, ஓரத்து செல் 55. எண்ணெய் ஊத்தி பம்பு ஆஃப்: நடுவுல 53, ஓரத்துல 46. பம்பு ஆன்: நடுவுல 50, ஓரத்துல 48. கவனிச்சுப் பாருங்க, சராசரி சூட்ட எறக்குனது எண்ணெய்தான், பம்பு இல்ல. செல் மொத்தத்துக்கும் எவ்வளவு சூடு தாங்குமோ கிட்டத்தட்ட அதே அளவு மூணு லிட்டர் எஸ்டரும் தாங்கும், அதனால ஏறுற வேகம் பாதி ஆயிருச்சு. பம்பு பண்ண வேலை 7 டிகிரி வித்தியாசத்த 2 டிகிரிக்கு கொண்டு வந்தது. பேக் ஆயுசுக்கு அந்த ரெண்டாவதுதான் முக்கியம்னு நான் நினைக்கறேன், நடு செல் எப்பவும் சூடா இருந்தா அதுதான் முதல்ல கிழடாகும், அது கிழடானா அந்த குரூப்பே மொத்த பேக்கையும் கீழ இழுக்கும்.

ஆனா இதுக்கு மறுபக்கம் ஒண்ணு இருக்கு, யாரும் வீடியோல காட்ட மாட்டாங்க. ஏற லேட் ஆகற மாதிரியே இறங்கவும் லேட் ஆகுது. காத்து பேக்குன்னா வண்டி நின்னு அரை மணில கொஞ்சம் ஆறிடும். இது மதிய ஷிப்ட்ல 45க்குப் போச்சுன்னா சாயங்காலம் வரைக்கும் அங்கயே சுத்திட்டு இருக்கு, ஏன்னா ஷெட்டே 36 டிகிரி. எண்ணெய் சூட்ட எங்கயும் ஒழிச்சுக்கட்டல, தள்ளிப் போட்டிருக்கு. டீ டைம் சார்ஜ் ஏத்தும்போது 45ல இருக்குற செல்லுக்கு ஏத்தறோம். அதனால பிஎம்எஸ்ல 48 தாண்டுனா சார்ஜ் கரண்ட் 30லருந்து 15க்கு இறங்குற மாதிரி செட் பண்ணிருக்கேன். ஃபாஸ்ட் சார்ஜ் இன்னும் வேகமா வேணும்னா வெளில ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வேணும்தான், அதுல தப்பிக்க முடியாது.

தீ விஷயம். எண்ணெய்ல முக்கிட்டா செல் வெடிக்காதுன்னு நிறைய பேரு நினைக்கறாங்க. செல்லுக்குள்ள ஷார்ட் ஆனா எண்ணெய் அத தடுக்காது, அந்த ஒரு செல் போறது போறதுதான். எண்ணெய் பண்றது பக்கத்து செல்லுக்கு போற சூட்ட பங்கு போட்டு மத்த 83க்கும் பரப்பி விடறது, அதனால சங்கிலியா பத்திட்டுப் போற வாய்ப்பு குறையும். போற ஒரு செல் பல லிட்டர் கேஸ தள்ளும், குட்டி பிரீதர் வழியா அது போகாது, பொட்டியே பிளந்து சூடான எண்ணெய பீச்சி அடிக்கும். அதுக்காக பக்கச்சுவர்ல, எண்ணெய் மட்டத்துக்கு மேல, மெல்லிசு அலுமினிய தகட்டுல குறுக்கு கீறல் போட்ட ஒரு ஜன்னல், வெளில கீழ் நோக்கி வளைஞ்ச குழாய். தனியா ஒரு டம்மி பொட்டில காத்தடிச்சு அந்த தகடு எங்க கிழியுதுன்னு பாத்து, பொட்டி வெல்டு தாங்குறதுல நாலுல ஒரு பங்குக்கு வர மாதிரி கீறல் ஆழத்த வச்சேன். உண்மையான செல்ல பத்த வச்சு டெஸ்ட் பண்ண நம்மகிட்ட இடமும் இல்ல, பண்ணவும் கூடாது.

இன்னொண்ணு, இது கம்பெனி காம்பவுண்டுக்குள்ள மட்டும் ஓடுற வண்டி, மோட்டார் வாகன சட்டத்துலயே அந்த மாதிரி வண்டிக்கு விலக்கு இருக்கு. ரோட்ல ஓடுற ஸ்கூட்டருக்கு வீட்ல பண்ண பேக் மாட்டாதீங்க. 2022ல ஸ்கூட்டர் தீப்பிடிச்ச சம்பவங்களுக்கு அப்புறம் ஏஐஎஸ் 156ல (டூ வீலர் மாதிரி சின்ன எலக்ட்ரிக் வண்டிகளோட பேட்டரி பாதுகாப்பு விதி) திருத்தம் கொண்டு வந்து, முதல் கட்டம் 2022 டிசம்பர் 1, ரெண்டாவது கட்டம் 2023 மார்ச் 31லருந்து அமல்ல இருக்கு, தண்ணில முக்கி டெஸ்ட், ஒரு செல் போனா பரவுதான்னு டெஸ்ட் எல்லாம் அதுல வருது.

அது போக ஸ்கூட்டருக்கு இது தேவையும் இல்லன்னுதான் என் அபிப்பிராயம். வீட்ல மெதுவா சார்ஜ் ஏறுற, எப்பவோ ஒரு தடவ ஃபுல் திராட்டில் குடுக்குற வண்டிக்கு மூணு கிலோ எண்ணெய சும்மா சுமந்துட்டுப் போகணும். நாள் முழுக்க சார்ஜ் ஏறி இறங்கிட்டே இருக்குற லோடு வண்டி, ஸ்வாப் ஸ்டேஷன் (காலி பேட்டரிய மாத்தி எடுக்குற இடம்) பேட்டரி, தூசி நிறைஞ்ச இடம், இங்கல்லாம் கணக்கு வேற. எஸ்டர் விலையும் மினரல் ஆயில விட பல மடங்கு, அண்ணா மிச்ச சரக்கு குடுக்கலேன்னா நானும் மினரல் ஆயிலுக்கே இறங்கியிருப்பேனோ என்னமோ.

சர்வீஸ்தான் ரொம்ப தொல்லை. ஒரு செல் மாத்தணும்னா எண்ணெய வடிக்கணும், பேக்க தொங்க விட்டு ராத்திரி முழுக்க சொட்ட விடணும், அப்பவும் நிக்கல் மேல எண்ணெய் படலம் இருக்கும், அதுல ஸ்பாட் வெல்டு வச்சா பட்டுனு தெறிச்சு ஓட்ட விழுது. ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) ஊத்தி துடைச்சு துடைச்சு, கடைசில வெல்டு பண்ற இடத்த மட்டும் எமரி பேப்பர் போட்டு தேச்சாதான் பிடிக்குது. அந்த தேச்ச தூள் ஒரு துகள் கூட உள்ள விழக்கூடாது, அதனால சுத்தி துணி அடைச்சுட்டு, முடிஞ்சதும் காந்தத்தால ஒத்தி எடுக்கறேன், நிக்கல் காந்தத்துல ஒட்டும். வடிச்ச எண்ணெய காபி ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டி திருப்பி ஊத்துனா பத்தாது, ஃபில்டர் மெஷினுக்கே போகணும்.

இப்போதைக்கு ஒரு டிராலில ஓடுது, பிரீதர் ஜெல் இன்னும் நீலம்தான். ரெண்டாவது டிராலிக்கு செல்லுக்கு நடுவுல போக ஓரங்கள்ல நிக்குற எண்ணெய குறைக்க, வெத்து இடத்துல ஹைலம் கட்டை சொருகி எண்ணெய ரெண்டேகால் லிட்டருக்கு கொண்டு வரலாம்னு இருக்கேன். அப்ப சூடு ஏறுற வேகம் கூடும், எவ்வளவு கூடுதுன்னு அதே 60 ஆம்பியர் 15 நிமிஷ டெஸ்ட் போட்டு, பம்பு ஆன், ஆஃப் ரெண்டு ரீடிங்கும் இதுக்குக் கீழயே சேத்துடறேன். வேற சின்தெட்டிக் எஸ்டர்ல யாராவது நைலான் 66 ஹோல்டர் போட்டு ஓட்டியிருந்தா ஜாடில எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க, ஹைலம் அறுக்குற தூசி மூக்குல ஏறுறது தாங்கல.